பட்டறையில் செஞ்ச சாமான்

எங்கள் வீட்டில் பட்டறை என்றால் ஒன்றுதான். பிலிமத்தலாவையில் அண்ணன் வேலை செய்த வெல்டிங் பட்டறை. பதினைந்து வயதில் படிப்பை விட்டுவிட்டு அங்கே போனான். கேட், ஜன்னல் கிரில், கடைக்குப் போடும் இரும்புக் கதவு எல்லாம் செய்வார்கள். பட்டறைக்குப் போனால் கை கறுக்கும், சட்டையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும், சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒரு சாமான் உருவாகியிருக்கும். அதனால்தான் டிசம்பர் லீவில் தங்கச்சியின் டீச்சர் எங்கள் முனிசிபல் லயத்து வீட்டுக்கு வந்து பட்டறை என்ற சொல்லைச் சொன்னதும் அம்மா கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"பட்டறையா? என்னா பட்டறைங்க டீச்சர், இரும்பா?"

"இது ஸ்கூல் புள்ளைங்களுக்கும்மா. நாலு நாள். கொழும்புலருந்து ஒரு சேர் வந்து சொல்லித் தர்றாரு. முடிஞ்சா சர்டிபிகேட்டும் உண்டு."

"பொம்பளப் புள்ளைங்களுக்குமா?"

"இப்ப எல்லாருக்கும் தாம்மா."

"அப்ப ஆயுதம் எல்லாம் அவங்களே குடுத்துருவாங்களா?"

டீச்சர் திரும்பி வாசலைப் பார்த்தார். "என்னம்மா, ஆயுதம் கீயுதம்னு இம்புட்டுச் சத்தமா பேசுறீங்க. யாரு காதுலயாவது விழப்போகுது."

"சுத்தியல், ரம்பம் அதத்தாங்க சொன்னேன்."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம். ஒடம்ப மட்டும் கொண்டு வந்தாப் போதும்."

கூலிக்காரிக்கு வேறு எப்படிப் புரியும்? உழைக்கிற உடம்பு இருந்தால் போதும் என்றுதான் அம்மா எடுத்துக்கொண்டார். அவர் முனிசிபலில் தெருக் கூட்டுகிறார். அண்ணன் சர்டிபிகேட் இல்லாமல் பட்டறைக்குப் போனவன். அவன் தங்கச்சிக்குச் சர்டிபிகேட்டோடு வேலை சொல்லித் தருகிறார்களே என்று அவருக்கு ஒரு ஆசை வந்தது. அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

டீச்சருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் வேண்டும். கொழும்புக்கு எழுதி அனுப்பிய கடிதத்தில் அப்படிப் போட்டிருந்தார். ரோட்டில் சோதனை கூடிப்போன காலம். ஒரு பெண்ணை அவள் வீட்டில் விடவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்று, டவுனில் ஒரு துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். வயது பதினேழு. டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இவளும் சின்னதாத்தானே இருக்கா, தங்கச்சியோட கவுன போட்டுக்கிட்டு வரட்டும்" என்றார். அம்மாவுக்கு இன்னும் சந்தோஷம். தங்கச்சியைத் தனியாக அனுப்ப வேண்டியதில்லை, ரெண்டு பேருக்கும் வேலை தெரிந்துவிடும். இப்படித்தான் நான் வராத ஒரு பெண்ணின் பெயரில் மாணவி ஆனேன்.

அண்ணன் செத்து அப்போது நாலு மாதம்.

அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கடுகண்ணாவையில் ஒரு கடைக்கு இரும்புக் கதவு பூட்டிவிட்டு பஸ்ஸில் வந்தவனை வழிச் சோதனையில் ஆமிக்காரர்கள் இறக்கிக் கொண்டுபோனார்கள். பதினெட்டு நாள் கழித்து விட்டார்கள். என்ன செய்தார்கள் என்று அவன் சொல்லவே இல்லை. அவன் தோளைத் தொட்டுப் பார்த்த டாக்டர்தான், கையைப் பின்னால் கட்டித் தூக்கியிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு வலது கை நெஞ்சுக்கு மேலே போகவில்லை. சட்டைக்கு நான் பொத்தான் போட்டுவிடுவேன். தலையை மட்டும் சீவவிட மாட்டான். அதை அவனேதான் செய்ய வேண்டும். வலது கையில் சீப்பைப் பிடித்து, இடது கையால் முழங்கையைக் கீழிருந்து தள்ளுவான். கொஞ்சம் ஏறும். மிச்சத்துக்குத் தலையைக் குனிந்து சீப்பிடம் கொண்டுபோவான். ரெண்டு இழுப்பு. நிறுத்தி மூச்சு வாங்குவான். இன்னொரு இழுப்பு. அவ்வளவுதான். "இடது கையால சீவிக்கயேண்டா" என்று அம்மா சொன்னால், "அது இன்னொருத்தன் சீவி விட்ட மாதிரி இருக்கும்" என்பான். பிறகு சிறுநீரில் ரத்தம் போக ஆரம்பித்தது. ஏழு மாதம் இருந்தான்.

பட்டறை நடந்தது அம்பிட்டிய மேட்டில் ஒரு பழைய மண்டபத்தில். முதல் நாள் போய் நின்றபோது சுத்தியலும் இல்லை, பலகையும் இல்லை. வெறும் தரை. கொழும்பு சேர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கால் விரலை எல்லாம் விரித்துக்கொண்டு நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், வெளிநாட்டில் படித்தவர். கறுப்புச் சட்டை, கறுப்புக் காற்சட்டை. கையில் ஒரு சின்னக் கொப்பி. யார் என்ன செய்தாலும் அதில் எழுதிக்கொள்வார்.

"பிள்ளையள், இது உடல் அரங்கு. இதில வசனம் இல்லை. கண்ணை மூடுங்கோ. உங்கட உடம்பு என்ன சொல்லுது எண்டு கேளுங்கோ."

என் உடம்பு பசிக்கிறது என்று சொன்னது. காலையில் ஆளுக்கு ஒரு துண்டு பாண்தான்.

பிறகு தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி நடக்கச் சொன்னார். காற்றைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார். கையைத் தட்டி "நில்லுங்கோ" என்று சத்தம் போட்டால் அப்படியே சிலையாக நிற்க வேண்டும். அவர் சத்தம் போட்டதும் பிலிமத்தலாவையிலிருந்து வந்த ஒரு பையன் ரெண்டு கையையும் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். எல்லோரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். சேர் சிரிக்கவில்லை. "இயல்பு, என்ன இயல்பு" என்று எழுதிக்கொண்டார். பத்தாம் வகுப்புப் பையனுக்கு அது எப்படி இயல்பானது என்று கேட்கத் தோன்றாத ஆளுக்கு ஒரு கொப்பி எதற்கு?

பின்னாலே சாயுங்கோ, மற்றவை பிடிப்பினம், நம்புங்கோ என்றார். நான் சாயவில்லை. கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் ஒரு விதி சொன்னார். பன்னிரண்டு பேரும் நின்று, நடுவில் நிற்கிறவர் என்ன செய்கிறாரோ அதை மற்றவர்கள் செய்ய வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. "கூட்டத்துக்கு ஒரு உடம்புதான், பிள்ளையள்." அன்றைக்கு நடுவில் நின்ற பிள்ளை கையை விரித்துக்கொண்டு மரமாக நின்றாள். நாங்களும் நின்றோம்.

சாயங்காலம் அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார். "இன்னைக்கு என்னா செஞ்சீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி, "மரம் செஞ்சோம்" என்றாள்.

"மர வேலையா? நல்லது. இரும்பு வேணாம். கண்ணுக்குக் கெடுதல்."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். அண்ணன் போனதிலிருந்து அவள் ஒரு நாளைக்கு ரெண்டு வார்த்தை பேசினால் அதிகம். நான் திருத்தவில்லை. அடுத்த நாள் பாலம் செய்தோம் என்று நானே சொன்னேன். "பலகைப் பாலமா, எம்புட்டு நீளம்?" என்று அம்மா கேட்டார். நான் கையை விரித்துக் காட்டினேன்.

அந்த ரெண்டாம் நாள்தான் நான் முட்டாள்தனம் செய்தேன். வீட்டிலுள்ள ஒருவர் காலையில் செய்கிற வேலையை அவருடைய உடம்போடு செய்து காட்டச் சொன்னார் சேர். ஒருத்தி தேத்தண்ணி ஆற்றினாள். ஒருவன் அப்பா மாதிரி வேட்டியை உதறிக் கட்டினான். என் முறை வந்தபோது எனக்குச் சீக்கிரம் முடித்துவிட்டுப் போய் உட்கார வேண்டும் போலிருந்தது. அண்ணன் மாதிரி தலை சீவினேன். ரெண்டு இழுப்பு, நிறுத்தி இன்னொன்று.

சேர் முட்டிபோட்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

"இன்னொருக்கா செய்யும், பிள்ளை."

செய்தேன்.

"கை தலைக்குப் போகேல்ல. தலை கைக்கு வருது. பாத்தனீங்களே, பிள்ளையள்? பத்து வருசமா நான் தேடின அசைவு இது. உமக்கு இதை யார் சொல்லித் தந்தது?"

"யாரும் இல்ல சேர்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எட்டாம் வகுப்புக்குப் பிறகு ஒருவரும் என்னை நன்றாகச் செய்தாய் என்று சொன்னதில்லை. கடையில் முதலாளி மடிப்பு கோணல் என்று சொல்வார், அவ்வளவுதான். இப்படி ஒரு ஆளின் புகழ்ச்சிக்கு அண்ணனின் கையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் மேல் எனக்கு இருக்கிற வெறுப்பில் பாதி என் மேல்தான்.

மூன்றாம் நாள் போனால் அது, கடைசி நாள் பெற்றோர் முன்னால் போடப்போகிற நாடகமாகிவிட்டிருந்தது. கொக்கு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். பன்னிரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்று செய்ய வேண்டும். பக்கத்தில் ஒருவன் மேளம் தட்டுவான். விரல்களை இறகு மாதிரி விரிக்க வேண்டும். தலையைக் குனியும்போது மெதுவாக, ஒரு புன்னகையோடு குனிய வேண்டும். சீப்பே கிடையாது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அண்ணன் பார்த்திருந்தால் இது என்ன கண்றாவி என்று கேட்டிருப்பான்.

வரிசையின் கடைசியில் தங்கச்சி நின்றாள். அவள் மட்டும் இடது கையால் முழங்கையைத் தள்ளினாள். நான் செய்து காட்டியபோது இடது கையை விட்டுவிட்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்துப் படிக்கவில்லை. வீட்டில் பார்த்தது.

"கடைசித் தங்கச்சி, அந்த இடது கை வேண்டாம். வடிவில்லை."

அவள் தலையாட்டினாள். அடுத்த முறையும் தள்ளினாள்.

"வேண்டாம் எண்டெல்லோ சொன்னனான். நீர் கூட்டிச் செய்யிறீர். உண்மையா இருக்கோணும்."

தேத்தண்ணி இடைவேளையில் அவரிடம் போனேன். டீச்சரும் பக்கத்தில் இருந்தார்.

"சேர், அது எங்க அண்ணன். கொண்டுபோயிக் கைய ஒடச்சுட்டாங்க. அப்படித்தான் தலை சீவுவாரு. இப்ப இல்ல. செத்துட்டாரு."

அவர் கப்பைக் கீழே வைத்தார். கண் கலங்கியது, அது பொய் இல்லை. கலங்கிய கண்ணோடே கொப்பியை எடுத்தார்.

"எழுதாதீங்க சேர். அந்த எடத்த எடுத்துருங்க."

"எடுத்தா இந்த நாடகத்துக்கு முதுகெலும்பே இல்லை, பிள்ளை. நீர்தான் நாளைக்கு நடுவில நிக்கோணும். வேற ஆர் நிக்கிறது? நாளைக்கு அம்மாவும் வாறாவோ?"

"வருவாங்க."

"நல்லது. அவவும் அழட்டும். அழுதாத்தான் ஆறும்."

அம்மா நாலு மாதமாக அழுதுகொண்டுதான் தெருக் கூட்டுகிறார். அழுவதற்கு அம்பிட்டிய மேடு ஏறி வர வேண்டியதில்லை. இதை அவரிடம் சொல்வதற்குள் டீச்சர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார்.

"சின்ன விசயத்த பெருசாக்காத. நீ இந்த ஸ்கூல் புள்ளையே இல்ல, நாந்தான் சேத்துக்கிட்டேன். நாளைக்குப் பெரியாளுங்க எல்லாம் வர்றாங்க. நீ வராம நின்னுட்டா நாந்தான் பதில் சொல்லணும், ஒன் தங்கச்சியும் இங்கதான் படிக்கணும். வாய மூடிக்கிட்டு நில்லு."

சரி, அம்மாவையாவது வரவிடாமல் செய்யலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனால் அவர் சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். ஓவசியரிடம் அரை நாள் லீவு கேட்டாயிற்று. ஒரு உரச் சாக்கையும் கழுவிக் காயப்போட்டிருந்தார்.

"இது எதுக்கும்மா?"

"செஞ்ச சாமான தூக்கிட்டு வர வேணாமா? பஸ்ல எப்படிக் கொண்டாருவீங்க? ஒரு பலகைக்கட்ட செஞ்சிருந்தாலும் போதும். ஒக்காந்து சமைக்க ஆகும்."

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாலு மாதத்தில் முதல் தடவை. அந்தச் சிரிப்பைக் கேட்டு அம்மாவும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே. இதில் நான் எந்த இடத்தில் நிறுத்தி, அம்மா அது பட்டறையே இல்லை, நாளைக்குப் பன்னிரண்டு பேர் மேளம் தட்டி உங்கள் மகனின் கையைக் காட்டப் போகிறோம் என்று சொல்வது?

"நீங்க வர வேணாம்மா. வெயிலா இருக்கும்."

"வெயிலு எனக்குப் புதுசா, போடி."

நாலாம் நாள் பெரியவர்கள் உட்காரக் கதிரைகள் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூட அதிபர்மார், ஒரு பாதர், பட்டறைக்கு உதவி செய்த வெள்ளைக்காரர் ரெண்டு பேர். அம்மா சாக்கை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவோரமாக நின்றார். சேர் அவரே போய்க் கையைக் கூப்பிக் கூட்டிவந்து முன் வரிசையில், பாதருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். அம்மாவுக்கு வெட்கம். சாக்கை மடியில் வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

மரம் முடிந்தது, பாலம் முடிந்தது. அம்மா எங்கள் கால்களுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார். சாமான்களை அங்கே அடுக்கி வைத்திருப்போம் என்று நினைத்திருப்பார்.

மேளம் மாறியது. நான் நடுவில் வந்து நின்றேன். அப்போது சேரைப் பார்த்தேன். அவர் சுவரோரமாக நின்றுகொண்டு எங்களைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கொப்பி திறந்திருந்தது.

நான் வலது கையை நேராகத் தூக்கினேன். தோளுக்கு மேலே, தலைக்கு மேலே, எவ்வளவு போகுமோ அவ்வளவு. பிறகு சும்மா மனிதர்கள் சீவுகிற மாதிரி நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் சீவினேன். நடுவில் நிற்கிறவர் செய்வதை மற்றவர்கள் செய்ய வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. அது அவர் விதி. ஒரு கணம் தடுமாறிவிட்டு எல்லோரும் கையைத் தூக்கினார்கள். வேலைக்குப் போக நேரமான ஆட்கள் மாதிரி வேக வேகமாகச் சீவினோம். மேளக்காரன் என்ன தட்டுவது என்று தெரியாமல் நிறுத்திவிட்டான்.

சேருடைய முகம் போன போக்கை நான் ஆசை தீரப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் வரிசையின் கடைசியைப் பார்த்தேன். தங்கச்சி கையைத் தூக்கவில்லை. இடது கையால் முழங்கையைத் தள்ளி, தலையைக் குனிந்து, ரெண்டு இழுப்பு இழுத்து நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். புன்னகை இல்லை, விரல் விரிப்பு இல்லை. அம்மா அவளை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். சேர் முன்னால் வந்து பேசினார். காயப்பட்ட கை கடைசியில் எப்படி உயர்ந்தது என்று பாத்தனீங்கள்தானே, இதுதான் ஆறுதல், இதுதான் நம்பிக்கை என்றார். ஓரத்தில் நின்ற அந்தச் சின்னப்பிள்ளை, ஆற மறுக்கிற நினைவாம். எல்லாம் அவர் யோசித்து வைத்த மாதிரியே சொன்னார். வெள்ளைக்காரர்களுக்கு அதையே இங்கிலீஷிலும் சொன்னார். இந்த மாதிரி ஆட்களிடம் ஒன்றை மறுக்கக்கூட முடியாது. மறுத்தால் அதையும் நாடகத்தில் சேர்த்துக்கொள்வார்கள்.

சர்டிபிகேட் கொடுத்தார்கள். என்னுடையதில் வராத பெண்ணின் பெயர். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ரெண்டையும் கசங்காமல் சாக்குக்குள் வைத்துக்கொண்டு இறக்கத்தில் நடந்தார்.

"சாமான் எங்க?"

"அதுதாம்மா. இப்ப செஞ்சது."

"எது, தலை சீவுனதா?"

"ஆமா."

"நாலு நாளுமா?"

"மரமும் செஞ்சோம்" என்று தங்கச்சி நடுரோட்டில் கையை விரித்து நின்றாள்.

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "இந்த மரமா? வரும்போது செக் பொயின்டுல அந்த ஆமிக்காரப் பய சாக்க ஒதறிப் பாத்துட்டு எதுக்குன்னு கேட்டான். எம் புள்ளைங்க பங்குவ, அதான் பலகைக்கட்ட, செஞ்சிருக்குதுங்கன்னு சிங்களத்துல பெருமையா சொல்லிட்டு வந்தேன். இப்ப திரும்பிப் போறப்ப அவன் கேப்பான்."

பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கொஞ்ச தூரம் போனதும் அம்மா தங்கச்சியின் வலது முழங்கையைப் பிடித்தார். திட்டப் போகிறார் என்று நான் குறுக்கே கையை வைத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

"நீ ரொம்ப மேல தள்ளுற" என்று அவளிடம் சொன்னார். "அவன் இம்புட்டுத்தான் தூக்குவான்." தள்ளிக் காட்டினார். "குனியறப்ப மொகம் ஜன்னல் பக்கம் திரும்பும். நமக்குத் தெரியக் கூடாதுன்னு. அத விட்டுட்ட."

தங்கச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக் குனிந்தாள்.

"ம். அப்படித்தான்."

எங்கள் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற கண்டக்டர் என்ன பைத்தியங்கள் என்று பார்த்தான். அம்மா அவனைப் பொருட்படுத்தவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ தூக்குனியே, அது யாரு கை?"

"என் கைதான்."

"தெரிஞ்சிச்சு" என்று சொல்லிவிட்டு, சாக்கை என் மடியில் போட்டார். "நீயே வச்சுக்க. செக் பொயின்டுல அவன் கேட்டா நீயே பதில் சொல்லு."